நிற்கும் லாரி குடிக்கும் டீசல்

லாரி வாங்குபவரானாலும் சரி, வீட்டுக்கு முதல் கார் வாங்குபவரானாலும் சரி, தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" விடையாகக் கிடைப்பது ஓர் எண். அந்த எண்ணை நம்பித்தான் வாடகை பேசப்படுகிறது. கடன் தவணை கணக்கிடப்படுகிறது. குடும்பத்தின் மாதச் செலவில் பெட்ரோலுக்கென ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. ஆனால், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி வட்டாரத்தில் அன்றாடம் வண்டி ஓட்டுவோரிடம் கேட்டால், அந்த எண் தங்கள் சாலையில் கிடைப்பதில்லை என்பார்கள்.

இதற்கு வாகன நிறுவனங்களின் மிகைப்படுத்தலே காரணம் என்று கருதுவோர் பலர். அது பாதி உண்மைதான். வண்டி எவ்வளவு கொடுக்கும் என்பதை இயந்திரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எத்தனை முறை நிற்கிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்புக்கு யார் பணம் கொடுக்கிறார் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வட சென்னைத் துறைமுகச் சாலைகளைப் பொருத்தவரை, இயந்திரத்தைவிட இந்தப் பிந்தைய காரணங்களே பெரியவை. எரிபொருள் சிக்கனத்துக்கான நமது சட்டங்களோ இயந்திரத்தை மட்டுமே பார்க்கின்றன.

எண் பிறக்கும் இடம்

கார்களுக்கும் சிறிய எஸ்யுவிகளுக்கும் அறிவிக்கப்படும் மைலேஜ், புணேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் (ஏஆர்ஏஐ) போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் ஆய்வுக்கூடத்தில் பிறக்கிறது. வண்டியை உருளைகளின் மீது நிறுத்தி, முன்கூட்டியே வகுக்கப்பட்ட வேக அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். 'திருத்தப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி' எனப்படும் அந்த அட்டவணையின் நீளம் 1,180 விநாடிகள். அதாவது, 20 நிமிடங்களுக்கும் சற்றுக் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. கடக்கும் தொலைவு சுமார் 10.6 கி.மீ. ஆய்வுக்கூடத்தின் வெப்பநிலை 20 முதல் 30 டிகிரிக்குள் வைக்கப்படுகிறது, ஏ.சி. அணைக்கப்பட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் கார் ஓட்டும் சென்னைவாசி எத்தனை பேர்?

லாரிகளின் நிலை இன்னும் விசித்திரமானது. மொத்த எடை 12 டன்னும் அதற்கு மேலும் கொண்ட டீசல் வாகனங்களுக்கான எரிபொருள் நுகர்வு விதிகளை மத்திய அரசு 2017 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த விதிகளின்படி லாரியை மணிக்கு 40 கி.மீ., 60 கி.மீ. என்ற மாறாத வேகங்களில் ஓட்டி, செலவாகும் டீசலை அளக்க வேண்டும். நிறுத்தம் இல்லை; கியர் மாற்றம் இல்லை; ஊர்தல் இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் பின்னிரவில் ஓடும் லாரிக்கு இந்த அளவீடு ஓரளவு பொருந்தும். எண்ணூர் விரைவுச்சாலையில் ஜீரோ கேட் நோக்கி நகரும் கன்டெய்னர் லாரிக்கு இது எந்த வகையிலும் பொருந்தாது.

சாலையின் கணக்கு

எரிபொருளின் கதை முழுவதும் எழுதப்பட்ட மண் இது. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், 1955-இல் அசோக் லேலண்டாக மாறி, எண்ணூரில் லாரிகளைத் தயாரித்து வருகிறது. அங்கிருந்து சில கி.மீ. தொலைவில் மணலியில், 1965-இல் மெட்ராஸ் ரீஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான சென்னைப் பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை நிற்கிறது. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம். அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளி. லாரியும் டீசலும் சரக்கும் ஒரே வட்டாரத்தில் பிறந்தும் புழங்கியும், அவை மூன்றும் சேரும் சாலையில்தான் லாரி மிகக் குறைந்த மைலேஜைத் தருகிறது.

ஏன் என்பதற்குப் பள்ளி இயற்பியலே போதும். 40 டன் எடையுள்ள டிரெய்லர் ஒன்று நின்ற நிலையிலிருந்து மணிக்கு 30 கி.மீ. வேகத்தை எட்டுவதற்குத் தேவைப்படும் இயக்க ஆற்றல் சுமார் 14 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் சுமார் 3.6 கோடி ஜூல். அதில் 30 சதவீதம் சக்கரத்தைச் சென்றடைகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு முறை நின்று கிளம்புவதற்கு எட்டில் ஒரு பங்கு லிட்டர் டீசல் செலவாகும். லிட்டர் 92 ரூபாய் எனில், ஒவ்வொரு முறை பிரேக்கை மிதித்து மீண்டும் வேகமெடுப்பதற்கும் ஏறத்தாழ 12 ரூபாய். குறுக்கே புகும் ஆட்டோ, குண்டும் குழியுமான திருப்பம், சாலையோரம் நிறுத்தப்பட்ட டிரெய்லர் ஆகிய ஒவ்வொன்றும் லாரிக்காரரின் பையிலிருந்து இந்தத் தொகையை எடுத்துக்கொள்கிறது.

இனி வரிசைக்கு வருவோம். ஒரு கன்டெய்னர் லாரி மணலி அல்லது மாதவரம் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையத்திலிருந்து துறைமுகம் சென்று திரும்ப, ஒரு நடைக்கு 40 கி.மீ. ஓடுகிறது எனக் கொள்வோம். போகும்போது சுமை, வரும்போது காலி. சராசரியாக லிட்டருக்கு 4 கி.மீ. எனில் 10 லிட்டர் போதும். ஆனால், வாசலில் 6 மணி நேரம் காத்திருக்க நேர்ந்து, அதில் 4 மணி நேரம் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால், மணிக்கு 2 லிட்டர் வீதம் 8 லிட்டர் கரைகிறது. வரிசை நகர நகர, 10 கி.மீ. வேகத்தில் நூறு முறை முன்னே ஊர்ந்தால் மேலும் சுமார் ஒன்றரை லிட்டர். மொத்தம் 19 லிட்டரைத் தாண்டிவிடுகிறது. லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்த அதே வண்டி, அதே ஓட்டுநரின் கையில், 2 கி.மீ. மட்டுமே கொடுக்கிறது.

இது கணக்கின் தன்மையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டு. வரிசை எல்லா நாளும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. தொடர்ந்தாற்போல் சில வாரங்கள் சாலை காலியாகவும் இருக்கும். ஆயினும், இத்தகைய நடைகள் நாளொன்றுக்கு ஆயிரம் நிகழ்வதாக வைத்துக்கொண்டால், வீணாகும் டீசல் 9,400 லிட்டர். பண மதிப்பில் எட்டரை லட்சம் ரூபாய்க்கும் மேல். ஆண்டுக்கு 300 நாள் எனில் ஏறத்தாழ 26 கோடி ரூபாய். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த வகையில் நாளொன்றுக்கு 25 டன். ஒரு கி.மீ. கூட நகராமல் வெளியாகும் புகை இது.

இயந்திரத்தை ஏன் அணைப்பதில்லை?

ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாமே என்று எளிதாகக் கேட்டுவிடலாம். வரிசை எப்போது நகரும் என்று தெரியாத நிலையில், முன்னே ஏற்படும் இடைவெளியை நொடியில் நிரப்பாவிட்டால் வேறொரு லாரி அங்கே நுழைந்துவிடும். காற்று பிரேக்கில் அழுத்தம் குறையாமல் இருக்க வேண்டும். வெயிலில் கொதிக்கும் இரும்புக் கூண்டுக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நெடுங்காலம் தாமதித்து வந்த மனிதாபிமான நடவடிக்கை அது, வரவேற்க வேண்டியதே. ஆனால், வழக்கமான டீசல் லாரியில் ஏ.சி. ஓட வேண்டுமானால் இயந்திரமும் ஓட வேண்டும். காத்திருப்பைக் குறைக்காமல் ஏ.சி.யை மட்டும் கட்டாயமாக்கினால், ஓட்டுநரின் உடல்நலத்துக்கான விலை டீசலாக எரியும்.

புதிய இயந்திரங்களின் தன்மையையும் இங்கே கருத வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு பிஎஸ்-6 மாசு விதிகளுக்கு மாறியது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைத் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் வந்தன. இவை செவ்வனே இயங்குவதற்குப் புகைப்போக்கி போதிய அளவு சூடாக இருக்க வேண்டும். ஊர்ந்தும் நின்றும் போகும் வண்டியில் அந்தச் சூடு கிடைப்பதில்லை. வடிகட்டியில் கரி சேர்ந்து அடைபடத் தொடங்கினால், அதை எரித்து அகற்றுவதற்கே கூடுதல் டீசல் செலவாகிறது. ஆக, தூய்மைக்காக நாம் வாங்கிய தொழில்நுட்பமும் அந்த வரிசையில் தன் முழுப் பயனைத் தருவதில்லை.

யார் தலையில் விழுகிறது?

பொருளியல் பார்வையில் முக்கியமான கேள்வி இதுதான். துறைமுக வாசலில் தாமதம் பல காரணங்களால் நேர்கிறது. ஆவணம் முழுமையாக இல்லாதிருக்கலாம். சுங்கச் சோதனை நீளலாம். முனையத்தில் கிரேன் பற்றாக்குறை இருக்கலாம். கப்பல் வரும் நாளில் எல்லா ஏற்றுமதியாளர்களும் ஒரே நேரத்தில் சரக்கை அனுப்பலாம். இந்த முடிவுகளை எடுக்கும் எவரும் வரிசையில் எரியும் டீசலுக்குப் பணம் கொடுப்பதில்லை. கொடுப்பவர் லாரி உரிமையாளர். அவருள் பலர் ஒன்றிரண்டு லாரிகளை மட்டுமே கடனில் வாங்கி ஓட்டுபவர்கள். வாடகை நடைக் கணக்கில் பேசப்படுவதால் காத்திருப்பு எவ்வளவு நீண்டாலும் வருமானம் கூடுவதில்லை. 'ஹால்டிங்' என்ற பெயரில் கூடுதல் தொகை கேட்டுப் பெறும் பேரம் பேசும் வலிமை சிறியவருக்கு இருப்பதில்லை.

உரிமையாளர் தன் பங்குக்கு அந்தச் சுமையைக் கீழே தள்ளுகிறார். ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் என்று வரையறுத்து டீசல் போடுவதும், அதற்கு மேல் செலவானால் ஓட்டுநரின் படியில் கழித்துக்கொள்வதும் இத்தொழிலில் அரிதன்று. வாசலைத் திறக்கும் அதிகாரம் சிறிதும் இல்லாத மனிதரே வாசல் தாமதமாகத் திறந்ததற்கான அபராதத்தைச் செலுத்துகிறார். அவருக்கும் கீழே, விலைப் பட்டியலிலேயே இடம்பெறாதவர்களாக, சாலையோரத்துக் குடியிருப்புகளில் வாழ்வோர் இருக்கிறார்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கு எந்த ரசீதிலும் வரி இல்லை.

ஒருவர் செயலால் விளையும் செலவை மற்றொருவர் சுமப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். ரயில் இயந்திரத்தின் தீப்பொறி அருகிலுள்ள காட்டை எரித்தால் அந்த இழப்பு ரயில்வே நிறுவனத்தின் கணக்கில் வராது என்பதை 1920-இல் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டிய ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஆர்தர் பிகு, செலவை அதற்குக் காரணமானவரின் கணக்கில் சேர்ப்பதே தீர்வு என்றார். நூறாண்டுகள் கடந்த பின்னும் நம் துறைமுகச் சாலைகளில் அந்தக் கணக்கு திருத்தப்படவில்லை. டீசல் விலை நிர்ணயம் 2014 அக்டோபரில் சந்தையிடம் விடப்பட்டபோது, விலை உயர்ந்தால் சிக்கனம் தானே வரும் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. விலையைச் செலுத்துபவரிடம் சிக்கனம் செய்யும் அதிகாரமும் இருந்தால் மட்டுமே அந்த வாதம் செல்லுபடியாகும்.

லாரிக்குப் பின்னால் நிற்கும் கார்

இதே சாலையில் லாரிக்குப் பின்னால் நிற்கும் சிறிய எஸ்யுவியின் கதையும் வேறன்று. நாட்டில் விற்பனையாகும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் இன்று எஸ்யுவி வகையைச் சேர்ந்தவை. நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் எஸ்யுவி என்ற வடிவமே பெருமளவு நமது வரிக் கொள்கையின் குழந்தை. 2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, நீளத்தையும் இயந்திரக் கொள்ளளவையும் அளவுகோலாக வைத்துச் சிறிய கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தது. ஜிஎஸ்டியிலும் அந்தப் பாகுபாடு தொடர்கிறது. நீளம் குறைந்தால் வரி குறையும். உயரமும் எடையும் கூடினால் வரி கூடாது. எனவே, குட்டையான ஆனால் கனமான வண்டிகள் பெருகின.

நெடுஞ்சாலையில் வண்டியின் மைலேஜைக் குறைப்பது பெரும்பாலும் காற்றின் தடை. நெரிசலில் குறைப்பது எடை. ஆட்களுடன் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஓர் எஸ்யுவி, நின்று மீண்டும் 40 கி.மீ. வேகமெடுக்க ஏறத்தாழ 15 மில்லி லிட்டர் பெட்ரோல் தேவை. ஆய்வுக்கூடச் சுழற்சியிலேயே கி.மீ.க்கு ஒன்றுக்குச் சற்று மேலான நிறுத்தங்கள் உண்டு. அதற்கு மேல் கி.மீ.க்கு இரண்டு நிறுத்தங்கள் கூடினால், ஏட்டில் 18 கி.மீ. தரும் வண்டி சாலையில் 12 கி.மீ.தான் தரும். ஏ.சி.யின் பங்கு தனி.

பெட்ரோலின் கலவையும் மாறியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இப்போது நாடு முழுவதும் விற்கப்படுகிறது. எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய எரிபொருளுக்கென வடிவமைக்கப்பட்டு, 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் இ20-ஐப் பயன்படுத்தினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021-இல் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது. புதிய கலவைக்கு ஏற்ப அமைக்கப்பட்டவற்றில் இழப்பு 1 முதல் 2 சதவீதம். இறக்குமதிச் செலவைக் குறைப்பது, கரும்பு விவசாயிக்கு வருமானம் தருவது எனக் கொள்கைக்கு நியாயங்கள் உண்டு. ஆனால், அதன் விலையில் ஒரு பகுதியைப் பழைய கார் வைத்திருப்பவர் பங்கில் செலுத்துகிறார் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் கார் வைத்திருப்பவருக்குச் சில மாற்றுகள் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபிறகு, அவர் காரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். எடை குறைந்த வண்டியையோ ஹைபிரிட்டையோ தேர்ந்தெடுக்கலாம். லாரி ஓட்டுநருக்கு அத்தகைய தெரிவு எதுவுமில்லை. ஆகவே, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் குழப்பம் தேவையில்லை.

சாலை மட்டும் போதுமா?

அரசுகள் இதுவரை தேடிய விடை, சாலை. எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் சுமார் 30 கி.மீ. நீளச் சாலைகளை அகலப்படுத்த எடுத்துக்கொண்ட காலம், ஒரு தலைமுறை ஓட்டுநர்களின் பணிக்காலம். சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-இல் பணிகள் நிறுத்தப்பட்டன. தூண்கள் கூவத்தில் நின்றபடியே இருக்க, 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்போதைய மதிப்பு 5,800 கோடி ரூபாய்க்கும் மேல். எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. நீளத்துக்குச் சென்னை எல்லைச் சாலையும் உருவாகி வருகிறது.

இவை தேவையானவையே. ஆனால், வேகமான சாலை லாரியை வாசலுக்கு விரைவாகக் கொண்டுசேர்க்குமே தவிர, வாசலை விரைவாகத் திறக்காது. வாசலில் மணிக்கு இத்தனை வண்டிகள்தான் நுழைய முடியும் என்ற நிலை மாறாவிட்டால், மதுரவாயலில் மிச்சமாகும் நேரம் துறைமுகத்தில் செலவாகிவிடும். சாலைக்காக ஒதுக்கப்படும் பல்லாயிரம் கோடியில் மிகச் சிறிய பங்கை வாசல் நிர்வாகத்துக்குச் செலவிட்டாலே கிடைக்கும் எரிபொருள் சேமிப்பு கணிசமானதாக இருக்கும்.

பிறர் கற்ற பாடம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதை முதலில் முயன்றது. துறைமுக முனையத்தில் 30 நிமிடங்களுக்கு மேல் இயந்திரத்தை ஓடவிட்டபடி ஒரு லாரி காத்திருந்தால், முனையத்துக்கு 250 டாலர் அபராதம் என்ற சட்டம் 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முன்பதிவு முறையை ஏற்படுத்தும் முனையங்களுக்கு விலக்கு உண்டு. முனையங்கள் முன்பதிவை ஏட்டில் ஏற்படுத்தின. வாசல் வேலையை அதற்கேற்ப மாற்றியமைக்கவில்லை. வரிசை குறைந்ததற்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி, பாட்டனி துறைமுகத்தில் 2011-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இதனினும் நுட்பமானவை. லாரிக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. அந்த நேரத்துக்கு வராத லாரி நிறுவனம் முனையத்துக்குப் பணம் செலுத்த வேண்டும். உரிய நேரத்துக்குள் வேலையை முடித்து அனுப்பாத முனையம் லாரி நிறுவனத்துக்குப் பணம் செலுத்த வேண்டும். அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகாமல், இழப்புக்கு உள்ளானவரிடமே சேர்கிறது. இருதரப்புக்கும் நேரத்துக்கு விலை உண்டு என்பதால் இருதரப்பும் நேரத்தை மதிக்கத் தொடங்கின. கனடாவின் வான்கூவரிலும் 2014-ஆம் ஆண்டு லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்துக்குப் பின்னர், நீண்ட காத்திருப்புக்கு முனையங்கள் பணம் தரும் ஏற்பாடு வந்தது.

மைலேஜ் எண்ணைப் பொருத்தவரை ஐரோப்பாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கே ஆய்வுக்கூட அளவுக்கும் சாலை அளவுக்கும் இடையிலான இடைவெளி 2001-இல் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்து, 2015-இல் 40 சதவீதத்தைத் தாண்டியது என்று சர்வதேச ஆய்வு அமைப்பு ஒன்று கண்டறிந்தது. பழைய சோதனைக்குப் பதிலாக, 30 நிமிட நீளமுள்ள, உச்ச வேகம் 131 கி.மீ. கொண்ட உலகளாவிய சோதனை முறை 2017-இல் வந்தது. அத்துடன் நிற்காமல், 2021 முதல் புதிய கார்கள் ஒவ்வொன்றும் தாம் உண்மையில் எரித்த எரிபொருளைத் தாமே பதிவுசெய்யும் கருவியுடன் வருகின்றன. அவற்றின் முதல் தரவுகளை 2024-இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆணையம், சாலையில் நுகர்வு அறிவிக்கப்பட்டதைவிட 20 சதவீதம் அளவுக்குக் கூடுதல் என்று ஒப்புக்கொண்டது. இடைவெளி மறையவில்லை, ஆனால், அது எவ்வளவு என்று அரசுக்கும் மக்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் கார்களின் புகையைச் சாலையிலேயே அளக்கும் விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கருவிகளும் ஆட்களும் இருக்கிறார்கள். அதே ஓட்டத்தில் எரிபொருள் நுகர்வையும் அளந்து வெளியிடச் சொல்வதற்குப் பெரும் செலவு எதுவும் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மூன்று துறைமுகங்களிலும் ஒரு லாரி வரிசையில் சேர்வது முதல் வெளியேறுவது வரை ஆகும் சராசரி நேரத்தை வாரந்தோறும் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். ஏற்றுமதி, இறக்குமதிக் கன்டெய்னர்களை மின்னணு அட்டைகள் மூலம் பின்தொடரும் சரக்குத் தரவு வங்கி 2016 முதலே நாட்டில் இயங்கி வருகிறது. வாசலில் பதிவாகும் நேரத்துடன் வாசலுக்கு வெளியே கழியும் நேரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் பாடம் அதுதான்: எதை அளக்கவில்லையோ அங்கே வரிசை இடம்பெயரும்.

இரண்டாவதாக, பாட்டனி துறைமுகத்தைப் போல நேர ஒதுக்கீட்டையும் இருதரப்பு இழப்பீட்டையும் கொண்டுவர வேண்டும். தாமதத்துக்குச் சுங்கத் துறையோ ஏற்றுமதியாளரோ காரணம் என்று முனையங்கள் கூறக்கூடும். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். அப்படியெனில், காரணமானவர் யார் என்பதைப் பதிவுசெய்து, செலவை அவரிடம் திருப்பிவிடும் பொறுப்பை முனையம் ஏற்கட்டும். அந்தப் பேரத்தை நடத்தும் வலிமை முனையத்துக்கு உண்டு. ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு இல்லை.

மூன்றாவதாக, சாலையோர வரிசைக்குப் பதிலாக, கழிப்பறை, குடிநீர், உணவு, நிழல், குளிரூட்டிய ஓய்வறை ஆகியவற்றுடன் கூடிய காத்திருப்பு வளாகங்கள் வேண்டும். கைப்பேசியில் முறை வரும்வரை இயந்திரம் அணைந்திருக்கலாம். ஓட்டுநரின் நலமும் எரிபொருள் சிக்கனமும் ஒன்றுக்கொன்று எதிரிகளாக நிற்க வேண்டியதில்லை.

நான்காவதாக, குறுகிய தொலைவு ஓடி நீண்ட நேரம் நிற்கும் துறைமுக லாரிகளே மின் லாரிகளுக்கு மிகவும் ஏற்றவை. நிற்கும் மின் மோட்டார் ஆற்றலை உண்பதில்லை. 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மின் லாரி மானியம், ஒரு வண்டிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்கிறது. ஆயினும் மின் லாரியின் விலை ஒற்றை லாரி உரிமையாளருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், கூட்டுறவு அடிப்படையிலோ குத்தகை அடிப்படையிலோ அவருக்கு வழி செய்யாவிட்டால், மானியம் பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடும்.

ஐந்தாவதாக, மாறாத வேகத்தில் லாரியைச் சோதிக்கும் முறைக்குத் துணையாக, நின்றும் ஊர்ந்தும் ஓடும் துறைமுகப் பணிக்கென ஒரு சோதனைச் சுழற்சியை வகுக்க வேண்டும். எந்த லாரி எந்த வேலைக்கு உகந்தது என்பதை வாங்குபவர் அப்போதுதான் அறிய முடியும்.

இவற்றில் முதல் மூன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. துறைமுக நிர்வாகங்களும் சுங்கத் துறையும் மாநிலப் போக்குவரத்துக் காவல் துறையும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஓராண்டுக்குள் தொடங்கிவிடலாம். அதுவரை, வாசலில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டு லிட்டர் டீசல் எரிந்துகொண்டேதான் இருக்கும். அதற்கான பணத்தை ஓட்டுநரின் படியிலிருந்தும், புகையைத் திருவொற்றியூர்க் குழந்தைகளின் மூச்சிலிருந்தும் நாம் வசூலித்துக்கொண்டிருப்போம். இந்த வசூலை நிறுத்தும் பொறுப்பு, வாசலைத் திறக்கும் அதிகாரம் உள்ளவர்களுடையது.